வீட்டுக்குள் இரண்டு கீப்பர்

எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தில் இருந்த இரண்டு கோல் கீப்பர்களும் ஒரே வீட்டில்தான் சாப்பிட்டார்கள். அந்த வீட்டில் சமைத்தவள் நான். ஒருவர் என் கணவர், நாற்பத்தொரு வயது. மற்றவன் என் தம்பி, பத்தொன்பது வயது. இருவரின் கையுறைகளும் முற்றத்தில் ஒரே கொடியில் காயும். நான் இந்தச் சல்லிக் கடற்கரை ஊரிலேயே பிறந்தவள், கருவாட்டு வாசம் எனக்கு ஒரு பொருட்டில்லை. அந்தக் கையுறைகளின் வாசம் மட்டும் இன்றைக்கும் பழகவில்லை.

ஒருவர் கோலில் நின்றால் மற்றவர் வெளியே இருக்கவேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் வெளியே இருந்தவருக்கும் அன்றிரவு நான்தான் சோறு போட வேண்டும் என்பதை ஊரில் ஒருவரும் யோசித்ததில்லை.

அந்த வருடம் எங்கள் கழகம் இறுதிப்போட்டிக்கு வந்தது. எதிரணி கிண்ணியாப் பக்கம், குறிஞ்சாக்கேணிப் பெடியன்கள். சனிக்கிழமை பின்னேரம், எங்கள் ஊர்க் கடற்கரை மைதானத்தில் ஆட்டம். மாவட்டத்தின் இருபது வயதுக்குட்பட்ட அணிக்கு ஆள் எடுக்கிறவர் பார்க்க வருகிறார் என்று ஒரு கதை அடிபட்டது. விசாரித்தால் கதை உண்மை. அடுத்த வருடம் தம்பிக்கு வயது தாண்டிவிடும். அவன் மீன்பிடிக்க வள்ளத்துக்குப் போகாமல் வேறொரு வாழ்க்கை வாழவேண்டுமென்றால், அந்த மனிதரின் கண்ணில் அந்தச் சனிக்கிழமை பட்டால்தான் உண்டு.

ஆனால் கோல் என் கணவருடையது. பதினாறு வருடமாக அவருடையது.

அவர் இறக்கக்கண்டிக்காரர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வந்த நாளிலிருந்து அவர் என் வீட்டில் சத்தம் போட்டுக் கதைத்ததை நான் கேட்டதில்லை. அப்பா இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ என்று கேட்டால், பசியோடு இருந்தாலும் "காணும் மாமா" என்பார், போதுமென்று. மீனவர் சங்கக் கூட்டத்துக்குப் போனால் கடைசிக் கதிரையில் இருந்துவிட்டு வருவார். ஆனால் கோலுக்குள் கால் வைத்தால் அது வேறு ஆள். என் சித்தப்பாவை, என் மாமாவை, என் பெரியம்மாவின் மகனை, ஊரில் எல்லோரும் எழும்பி நின்று வணக்கம் சொல்லுகிற பள்ளிக்கூடத்துக் கணக்கு சேரை, நாலு பேரையும் பெயர் சொல்லி வாங்கு வாங்கென்று வாங்குவார். அந்த நாலு பேர்தான் எங்கள் அணியின் பின்வரிசை. அவர்களும் வாய் பேசாமல் அவர் சொன்ன இடத்தில் போய் நிற்பார்கள். ஆட்டம் முடிந்ததும் அவர் மறுபடியும் மாப்பிள்ளை ஆகிவிடுவார். கலியாணமான புதிதில் அவருடைய குரலைக் கேட்பதற்கென்றே நான் மைதானத்துக்குப் போவேன். வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறேன், இதை அவரிடமே சொன்னதில்லை.

தம்பியின் கதை நேர்மாறு. அவனுடைய கை பந்தைத் தேடிப் போகாது, பந்துதான் அவன் கையைத் தேடி வரும் என்று ஊரில் சொல்லுவார்கள். ஆனால் வாய் திறக்கமாட்டான். கீப்பர் என்றால் பின்னால் நின்று முழு மைதானத்தையும் பார்க்கிறவன். முன்னால் நிற்பவர்களுக்கு முதுகுப்பக்கம் யார் வருகிறார் என்று தெரியாது, அவன்தான் கத்திச் சொல்லவேண்டும். இவனுக்கு முன்னால் நின்றதெல்லாம் மாமா, சித்தப்பா, அண்ணன், போதாததற்குப் பத்தாம் வகுப்பில் அவனை வாங்கில் ஏற்றி நிறுத்தின கணக்கு சேர். எங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு முன்னால் குரல் உயர்த்தக்கூடாதென்று வளர்த்தார்கள். வளர்த்ததில் பாதிப் பங்கு என்னுடையது, ஆகவே யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

ஆரம்பச் சுற்றில் ஒரு நாள் என் கணவரின் வள்ளத்து எஞ்சின் நடுக்கடலில் நின்றுவிட்டது. கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர ஆட்டம் முடிந்துவிட்டது. அன்று தம்பிதான் கோலில். அவன் பிடித்த பந்துகளைப் பற்றி ஒரு கிழமைக்குத் தேநீர்க் கடையில் கதை நடந்தது. ஆனால் ஒரு பந்து உள்ளே போனது. எப்படிப் போனதென்று நான் கண்ணால் பார்த்தேன். சித்தப்பாவுக்குப் பின்னால் எதிரணிக்காரன் ஒருவன் ஓடி வருகிறான். தம்பிக்கு அது தெரிகிறது. அவன் இரண்டு அடி முன்னால் வந்து, கோயிலில் விபூதி கேட்கிற குரலில், "சித்தப்பா... சித்தப்பா, பின்னால ஒருக்காப் பாருங்கோ" என்றான்.

சித்தப்பா நின்றார். பந்தை விட்டார். மரியாதையாகத் திரும்பித் தம்பியைப் பார்த்து, "என்ன மகன்?" என்றார்.

கோல்.

பிறகு சித்தப்பாவிடம் கேட்டால், "பெடியன் கூப்பிடுறான், திரும்பிப் பாக்காமல் விடலாமோ?" என்கிறார். இந்த மனிதர்களை வைத்துக்கொண்டு இறுதிப்போட்டிக்கு வந்ததே பெரிய காரியம்.

அரையிறுதியில் என் கணவர் நின்றார். ஒரு கோலும் விடவில்லை. ஆனால் கடைசி நேரத்தில் இடப்பக்கம் தாழ்வாக ஒரு பந்து வந்தது. அவர் அசையவில்லை. பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. "அனுபவம் எண்டால் அதுதான்! வெளியால போகுமெண்டு தெரிஞ்சுதான் மனுசன் நிண்டவர்" என்று சனம் கைதட்டியது. நான் அவருடைய முழங்காலுக்கு ஒவ்வொரு இரவும் எண்ணெய் போட்டுத் தேய்க்கிறவள். அவர் தெரிந்து நிற்கவில்லை, பாய ஏலாமல் நின்றார். எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்ற தம்பி என்னைப் பார்த்த பார்வையில், அவனுக்கும் தெரிந்திருக்கிறதென்று விளங்கியது.

அந்தக் கிழமை முழுக்க ஊர் இரண்டுபட்டுக் கிடந்தது. மீன் வாங்கப் போனால் அதே கதை, கடைக்குப் போனால் அதே கதை. நான் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறேன். பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஒரு தாய், பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்கவில்லை, "சனிக்கிழமை ஆர் கீப்பர் ரீச்சர்?" என்று கேட்கிறாள். "பெரிய மாட்சுக்குப் பழகின ஆள் வேணும், பெடியன் பயந்துபோவான்" என்று ஒரு கட்சி. "முழங்காலைப் பாத்தனீங்களோ? அவர் குனிஞ்சு நிமிரேக்குள்ள பந்து வலைக்குள்ள" என்று மற்றக் கட்சி. முதல் பாதி ஒருவர், இரண்டாம் பாதி மற்றவர் என்று நடுவில் ஒரு கட்சியும் இருந்தது. கடைப் பாணை இரண்டாக வெட்டிப் பங்கு போடுவது மாதிரி.

வியாழக்கிழமை பின்னேரம் கடற்கரை வாடிக் கொட்டிலில் நிர்வாகக் குழு கூடியது. ஆறு பேர். மூன்று பேர் இந்தப் பக்கம், மூன்று பேர் அந்தப் பக்கம். தலைவர் நல்ல மனிதர், ஒருவருடைய மனமும் நோகக்கூடாது. ஒன்றரை மணித்தியாலம் யோசித்துவிட்டு அவர் ஒரு முடிவு சொன்னார். உலகத்தில் எந்தக் கழகமும் இப்படியொரு முடிவு எடுத்திருக்காது.

"ரெண்டு பேரும் ஒரே வீடுதானே. வீட்டில கதைச்சு ஒரு முடிவெடுத்துச் சொல்லுங்கோ. நாங்கள் இடையில வரயில்லை."

அதாவது, இறுதிப்போட்டிக்கு யார் கீப்பர் என்பது எங்கள் வீட்டுக் குசினிப் பிரச்சினை ஆகிவிட்டது.

அன்றைக்குச் சாப்பாட்டில் இருவரும் எதிரும் புதிருமாக இருந்தார்கள். அப்பா தண்ணீர்ச் செம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான் நிக்கட்டும்" என்றான் தம்பி. "அவர்தான் மூத்தவர்."

"இல்லை இல்லை, மச்சான் நிக்கட்டும். சின்னப் பெடியன், ஆசை இருக்கும்" என்றார் இவர்.

"எனக்கு ஆசையெண்டில்லை அத்தான்."

"எனக்கு மட்டும் என்ன, எவ்வளவோ விளையாடியாச்சு."

கடைசிச் சோற்றுக் கவளத்துக்கு இரண்டு விருந்தாளிகள் உபசாரம் பண்ணுகிற மாதிரி இருவரும் கோலை அங்குமிங்கும் தள்ளினார்கள். இரண்டு பேரும் பொய் சொன்னார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அகப்பையைச் சட்டிக்குள் போட்டுவிட்டு, "உங்கள் ரெண்டு பேருக்கும் வேண்டாமெண்டால் நான் போய் நிக்கிறன்" என்றேன். அப்பா மட்டும் சிரித்தார்.

மறுநாள் காலையில் தம்பி கிணற்றடியில் நின்றான். நான் நேராகக் கேட்டேன். "உண்மையைச் சொல்லு. உனக்கு வேணுமோ வேண்டாமோ?"

வாளிக் கயிற்றைப் பிடித்தபடி குனிந்துகொண்டே சொன்னான். "வேணும் அக்கா. சரியான விருப்பம். ஆனா அத்தானிட்ட எப்பிடிக் கேக்கிறது? சின்ன வயசிலிருந்து அவர் நிக்கிறதைப் பாத்துத்தான் நானும் நிண்டனான்."

"நிண்டால் கத்துவியோ?"

அவன் வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினான். பிறகு, "கணக்கு சேரை எப்பிடியக்கா?" என்றான், அழாத குறையாக.

என் கணவர் கரையில் வலை தெரிந்து சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் இருந்தேன். சுற்றி வளைத்துச் சொல்லலாமென்றுதான் போனேன். எனக்குச் சுற்றி வளைக்க வராது.

"இஞ்சேருங்கோ, நாளைக்கு நீங்கள் நிக்க வேண்டாம்."

அவருடைய கை நின்றது.

"அண்டைக்கு அந்தப் பந்துக்கு உங்களால பாய ஏலாமல்தான் நிண்டனீங்கள். அவனுக்கு இனி ஒரு வருசம் இல்லை. உங்களுக்கு இருக்கிறது முழங்கால் மட்டும்தான்."

கடைசி வசனத்தை நான் சொல்லியிருக்கக்கூடாது. சொல்லி முடித்த நிமிடமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் வலையை மடியிலிருந்து இறக்கி வைத்தார். பிறகு அமைதியாகச் சொன்னார். "நீ சொல்லுறது சரி. ஆனா ஒண்டு சொல்லுறன், குறை நினைக்காதை. இந்த ஊரில எனக்கு வாய் இருந்த இடம் அது ஒண்டுதான்."

அவர் எழும்பி வள்ளத்தின் மறுபக்கம் போய்விட்டார். என் வீட்டில் அவர் இத்தனை வருடமாகக் "காணும்" என்று சொன்னதெல்லாம் எனக்கு ஒரேயடியாக நினைவுக்கு வந்தது. நான் அழுதேன். அழுதாலும் முடிவை மாற்றவில்லை. அதைத்தான் இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன், எனக்கு அவ்வளவு நெஞ்சுரம் எங்கிருந்து வந்ததென்று.

இனித் தம்பியின் வாய். எங்கள் ஊரில் முக்கியமான காரியம் ஒன்றைச் சொல்லப் போவதென்றால் வட்டாத் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். கலியாணமென்றால் அப்படி, கோயில் காரியமென்றால் அப்படி. நான் அம்மாவின் பித்தளை வட்டாவைப் புளி போட்டு மினுக்கி, வெற்றிலை அடுக்கிக்கொண்டு புறப்பட்டேன். பின்வரிசைக்காரர் நாலு பேருடைய வீட்டுக்கும் போய், முற்றத்தில் நின்று வட்டாவை நீட்டி ஒரே வசனத்தைச் சொன்னேன்.

"நாளைக்கு என்ர தம்பி உங்களை ஏசுவான். மனசில வைக்காதேங்கோ."

காலையெல்லாம் முப்பது பிள்ளைகளுக்குக் கத்தக்கூடாதென்று படிப்பிக்கிறவள், பின்னேரம் கத்துவதற்கு அனுமதி வாங்கிக்கொண்டு திரிந்தேன். பெரியம்மாவின் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். மாமா வெற்றிலையை எடுத்து, எனக்கு ஏதும் சுகமில்லையோ என்று மாமியிடம் இரகசியமாகக் கேட்டார். சித்தப்பா, "ஏசட்டுமே, ஆர் வேண்டாமெண்டது? அவன்தான் ஏசுறானில்லையே" என்றார். கணக்கு சேர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார். "பிள்ளை, வகுப்பில நான் அவனை எவ்வளவு ஏசியிருக்கிறன். வட்டியோட திருப்பித் தரச் சொல்லுங்கோ."

ஆகமொத்தம், அவன் இவ்வளவு காலமும் பயந்தது ஒருவரும் போடாத ஒரு தடைக்கு. இதை வந்து அவனிடம் சொன்னேன். "சரி அக்கா" என்று தலையாட்டினான். அந்தத் தலையாட்டலிலேயே எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

சனிக்கிழமை கச்சான் காற்று மணலை வாரிக்கொண்டு அடித்தது. குறிஞ்சாக்கேணியிலிருந்து மூன்று வான் வண்டி நிறையச் சனம் வந்திருந்தது. மாவட்டத்து ஆள் நீலத் தொப்பியோடு, பிளாஸ்டிக் கதிரையில், மடியில் கொப்பியுடன் இருந்தார். தம்பி கோலுக்குள் போனான். என் கணவர் மாற்று ஆட்டக்காரரின் வாங்கில் இருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

முதல் பாதியில் தம்பி இரண்டு நல்ல பந்துகளைப் பிடித்தான். ஆனால் வாய் திறக்கவில்லை. குறிஞ்சாக்கேணிக்காரர் ஒருவர் கோலுக்குப் பின்னால் நின்று, "என்ன கீப்பர், நோன்பா? சத்தத்தையே காணல்லியே!" என்று பகிடி பண்ணினார். எங்கள் ஆட்களே சிரித்தார்கள். அரை மணித்தியாலத்தில் ஒரு கோல் விழுந்தது. பழைய அதே கோல். மாமாவுக்குப் பின்னால் ஆள் வந்ததைத் தம்பி பார்த்தான், கையைக் கூடத் தூக்கினான், குரல் வரவில்லை. நீலத் தொப்பிக்காரர் கொப்பியில் ஒன்றும் எழுதவில்லை. என்னைச் சுற்றி நின்ற பெண்களில் இருவர் மெல்ல அப்பால் நகர்ந்தார்கள். இது யார் எடுத்த முடிவு என்று ஊருக்கே தெரியும்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கணக்கு சேரின் காலில் நரம்பு இழுத்துக்கொண்டது. அவரைத் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். மாற்று ஆட்களில் ஒருவன் ஏற்கெனவே உள்ளே போய்விட்டான், இன்னொருவன் மாமியார் வீட்டுக் கலியாணத்துக்குப் போய்விட்டான். வாங்கில் மிச்சம் இருந்தது என் கணவர் மட்டும். தலைவர் அவரைப் பார்த்துக் கையைப் பிசைந்தார். "நீங்கள் ஒருக்கா சேரின்ர இடத்தில நில்லுங்கோவன்."

சேரின் சேட்டுச் சட்டையை வாங்கிப் போட்டார். வயிற்றில் இறுகிக்கொண்டு நின்றது. பதினாறு வருடத்தில் முதல் தடவையாக அவர் கோலுக்கு முன்னால் போய் நின்றார்.

ஐந்து நிமிடம் போயிருக்காது. குறிஞ்சாக்கேணிக்காரன் ஒருவன் ஓரத்திலிருந்து பந்தை உயர்த்தி அடித்தான். காற்றில் தூக்கிக்கொண்டு அது நேரே என் கணவரின் தலைக்கு மேலே இறங்கியது. அவர் அண்ணாந்து பார்த்தார். பிறகு, அத்தனை வருடப் பழக்கம், இரண்டு கையையும் விரித்துத் தூக்கினார். பிடிக்கப் போகிறார். கோலுக்கு முன்னால், கீப்பர் இல்லாத ஒருவர், கையால்! பட்டால் பெனல்ட்டி.

"அத்தான்! கையை எடுங்கோ! என்ர பந்து! விடுங்கோ அத்தான்ன்ன்!"

கச்சான் காற்றையும் கிழித்துக்கொண்டு வந்தது அந்தச் சத்தம். அது தம்பியுடைய குரல் என்று எனக்குத் தெரிய ஒரு கணம் பிடித்தது. என் கணவர் அடி வாங்கியவர் மாதிரிக் கையைக் கீழே போட்டுக் குனிந்தார். தம்பி அவருடைய முதுகுக்கு மேலால் பாய்ந்து பந்தைப் பிடித்துக்கொண்டு விழுந்தான்.

தம்பி பந்தைக் கட்டிப்பிடித்தபடி, தான் என்ன செய்துவிட்டோம் என்று பயந்து பார்த்தான். என் கணவர் நிமிர்ந்து, அவனைப் பார்த்துப் பெருவிரலைக் காட்டிவிட்டுத் தன் இடத்துக்கு ஓடினார்.

அதற்குப் பிறகு அவனை நிறுத்த ஆளில்லை. வீட்டில் மிக மரியாதைக்குரிய ஒருவரையே ஏசியாகிவிட்டது, இனி யாருக்குப் பயம்? "மாமா, பின்னால ஆள்!" "அண்ணே, வலப்பக்கம், வலப்பக்கம்!" "அத்தான், முன்னுக்குப் போங்கோ, அதில என்ன பாக்கிறீங்கள்!" ஒரு கட்டத்தில், "சித்தப்பா, நித்திரையோ!" என்றான். சனம் மணலில் விழுந்து சிரித்தது. சித்தப்பாவும் ஓடிக்கொண்டே சிரித்தார். ஆனால் ஓடினார். அந்தப் பாதியில் ஒரு பந்தும் உள்ளே போகவில்லை. நீலத் தொப்பிக்காரர் எழுதத் தொடங்கினார், எழுதிக்கொண்டே இருந்தார்.

நாங்களும் ஒரு கோலும் போடவில்லை. ஒன்றுக்குப் பூச்சியம், தோற்றுப்போனோம். கேடயம் வான் வண்டியில் ஏறிக் குறிஞ்சாக்கேணிக்குப் போனது. மாப்பிள்ளையை முதலே கோலில் விட்டிருந்தால் கேடயம் இங்கே இருந்திருக்கும் என்று சொல்லுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். இருக்கலாம். நான் மறுத்துக் கதைப்பதில்லை.

நீலத் தொப்பிக்காரர் தம்பியைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

"அந்தக் கையைத் தூக்கின ஆள் உமக்கு ஆர்?"

"என்ர அத்தான், சேர்."

"அவரையே அப்பிடிக் கத்தினீரோ?" சிரித்துவிட்டுக் கொப்பியை மூடினார். "திங்கட்கிழமை காலையில பயிற்சிக்கு வாரும். சப்பாத்துக் கிழிஞ்சிருக்கு, வேற ஒண்டு கொண்டு வாரும்."

தம்பி என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. நேரே ஓடிப்போய் என் கணவருக்கு முன்னால் நின்று, மறுபடியும் அந்தப் பழைய குரலில், "அத்தான், சத்தம் போட்டிட்டன், குறை நினைக்காதேங்கோ" என்றான். அவர் அவனுடைய தலையைப் பிடித்து ஒரு உலுப்பு உலுப்பினார்.

வீட்டுக்குக் கரையோரமாக நடந்து வந்தோம். தம்பி கூட்டாளிமாருடன் முன்னால் போய்விட்டான். சேரின் சேட்டு என் கணவரின் தோளில் கிடந்தது. இரண்டு நாளாக அவர் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னும் கோவமோ?"

"இல்லை" என்றார். கொஞ்ச தூரம் நடந்தார். "அவன் கத்தினது எப்பிடி இருந்ததெண்டு கேள்."

"எப்பிடி இருந்தது?"

"கீப்பருக்குப் பின்னால ஒருத்தரும் இல்லை. வலை மட்டும்தான். விட்டால் விட்டதுதான். பதினாறு வருசம் அந்தப் பயத்திலதான் கத்தினனான். இண்டைக்குத்தான் எனக்குப் பின்னால ஒருத்தன் நிண்டவன்."

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். ஊர் பார்க்கிறதென்று கையை இழுக்கிற மனிதர், அன்று இழுக்கவில்லை.